யார் சமைத்தது என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை

2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசிக்குப் பக்கத்தில் உள்ள திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளிக்கு ஒரு சத்துணவுச் சமையலர் மாறுதலாகி வந்தார். அதே ஊர்க்காரர். அருந்ததியர். எங்கள் பிள்ளைகளுக்கு இவர் சமைக்கக் கூடாது என்று ஊரின் ஆதிக்கச் சாதியினர் திரண்டு வந்து பள்ளிக்குப் பூட்டுப் போட்டார்கள். வட்டார வளர்ச்சி அலுவலர் என்ன செய்தார்? பூட்டுப் போட்டவர்கள் மீது புகார் கொடுக்கவில்லை. மாறுதல் ஆணையை ரத்து செய்து, அந்தப் பெண்ணைப் பழைய இடத்துக்கே திரும்பிப் போகச் சொன்னார். தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் பிற சாதி ஒழிப்பு இயக்கங்களும் தெருவுக்கு வந்து போராடிய பிறகுதான் அவருக்கு அதே பள்ளியில் வேலை உறுதியானது. சேவூர் காவல் நிலையத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கும் பதிவானது. ஏழாண்டு கழித்து, 2025 நவம்பரில், திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்கு இரண்டாண்டு சிறைத்தண்டனை விதித்தது. அந்த ஆறு பேரில் ஒருவர் பெண்.

தீர்ப்பைப் பற்றி நம் தோழர்கள் பலர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது அந்த ஆறாவது ஆளைப் பற்றி. அரசின் எந்தத் திட்ட அறிக்கையை எடுத்தாலும் "பயனடைந்த பெண்கள்", "பங்கேற்ற பெண்கள்" என்று ஒரு கட்டம் இருக்கும். சமைக்க வந்த பெண்ணும் அந்தக் கட்டத்துக்குள் ஒன்று. சமைக்கக் கூடாது என்று தடுத்த பெண்ணும் அதே கட்டத்துக்குள் ஒன்று. இரண்டையும் கூட்டினால் இரண்டு பெண்கள். பாலினச் சமத்துவத்தை நம் திட்டங்கள் அளக்கும் விதம் இதுதான். கூட்டல் சரி. ஊர்தான் அந்தக் கூட்டலுக்குள் அடங்கவில்லை.

1995இல் பெய்ஜிங்கில் நடந்த உலகப் பெண்கள் மாநாட்டுக்குப் பிறகு, எந்தத் திட்டமானாலும் வகுக்கும்போதும் மதிப்பிடும்போதும் பாலினப் பார்வை வேண்டும் என்பது உலகம் முழுக்கப் பொதுப்பேச்சாகிவிட்டது. இந்திய அரசு 2005-06 முதல் பாலின வரவு செலவு அறிக்கை போடுகிறது. முழுக்கப் பெண்களுக்கான திட்டங்கள் ஒரு பகுதி, குறைந்தது 30 விழுக்காடு பெண்களுக்குப் போகும் திட்டங்கள் இன்னொரு பகுதி. வெளிநாட்டு நிதி வாங்கும் திட்டங்களுக்கு 0, 1, 2 என்று பாலின மதிப்பெண்ணே உண்டு. திருப்பூர் பின்னலாடை ஆலைகளில் பெண்களின் உரிமைக்காக நடக்கும் பயிற்சிகளின் அறிக்கைகளைப் படித்தால் இந்தச் சொற்கள் எல்லாம் தவறாமல் வரும். இவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெண்கள் நடத்திய நீண்ட போராட்டத்தால் கிடைத்தவை இவை. ஆனால் கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் கரூரிலும் நாமக்கல்லிலும் "பெண்" என்று ஒரே சொல்லாக எழுதினால் அது யாரைக் குறிக்கிறது என்ற கேள்விக்கு இவற்றில் எதுவும் பதில் சொல்வதில்லை.

கல்லூரி முடித்த கையோடு இரண்டு ஆண்டுகள் நான் கணக்கெடுப்பாளராக வேலை பார்த்தேன். ஒரு திட்டம் முடிந்த பிறகு அதன் பயன் என்ன என்று வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பும் வேலை. நாளொன்றுக்குப் பத்து வீடு. முதல் பக்கத்தில் பாலினம் என்று ஒரு கேள்வி. அதற்கு இரண்டு வரி கீழே சமூகப் பிரிவு என்று ஒரு கேள்வி. இரண்டையும் கேட்டோம், இரண்டையும் குறித்தோம். அறிக்கை அச்சாகி வந்தபோது பார்த்தேன். பாலின வாரியாக ஓர் அட்டவணை. பிரிவு வாரியாக ஓர் அட்டவணை. பட்டியல் சாதிப் பெண்கள் என்று ஒரு வரி எந்தப் பக்கத்திலும் இல்லை. தகவல் கைவசம் இருந்தது. சேர்த்துப் பார்க்கும்படி யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். கணினியில் அரைமணி நேர வேலை அது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொங்குப் பகுதியில் "பட்டியல் சாதி" என்று குறித்தாலும் பாதிதான் தெரியும். 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு ஏன் வந்தது, 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உட்பிரிவுப்படுத்தல் செல்லும் என்று ஏன் சொன்னது என்பதெல்லாம் இந்தப் படிவத்தை வடிவமைத்தவர்களுக்கு எட்டவே இல்லை.

அந்த வேலையில் பொங்கலூர்ப் பக்கம் ஒரு காலனியில் வயதான அம்மா ஒருவரிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். தோட்ட வேலைக்குப் போகிறவர். எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி, முடிவெடுப்பதில் உங்கள் பங்கு உண்டா என்று வரிசையாகக் கேட்டேன். பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தினார். "ஏங் கண்ணு, இத்தனை கேக்கறயே. தோட்டத்துல கவுண்டம்மா எனக்குத் தண்ணி எப்படி ஊத்துவாங்கன்னு அந்தக் காகிதத்துல கேக்கலையா?" என்றார். கேட்கவில்லை. கடைசிப் பக்கத்தில் "பிற குறிப்புகள்" என்று நான்கு வரி இடம் இருந்தது, அதில் எழுதிக்கொண்டேன். பிற குறிப்புகளைக் கணினியில் ஏற்றுவதில்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள்.

அந்தத் தோட்டத்தின் கவுண்டம்மாவும் ஒடுக்கப்பட்டவர்தான். நிலப்பட்டா அவர் பேரில் இருக்காது. மகள் யாரைக் கட்டுவது என்பதில் அவர் சொல் செல்லாது. அதை மறுக்கவில்லை. ஆனால் ஓலைச்சருகில் ஊற்றுவதா டம்ளரில் ஊற்றுவதா என்பதில் அவர் சொல்தான் சட்டம். ஒரு பெண்ணின் கையில் இருக்கும் அதிகாரம் இன்னொரு பெண்ணின் மீது பாய்கிறது. வீட்டுக்குள் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே உள்ள ஏற்றத்தாழ்வை மட்டும் அளக்கும் அளவுகோலில் இது விழவே விழாது.

சத்துணவுக்கு வருவோம். ஒரு திட்டத்தில் பெண்ணும் சாதியும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம் மாநிலத்தில் இல்லை. காமராசர் காலத்து மதிய உணவு, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், இப்போதைய காலை உணவு என்று ஒவ்வொன்றும் பிள்ளைகளின் பசியைத் தீர்த்தது. கூடவே கணவனை இழந்த, கைவிடப்பட்ட பெண்களுக்கு ஊருக்குள்ளேயே அரசு வேலை கொடுத்தது. இது பெரிய சாதனை. ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் பழக்கத்தைப் பள்ளிக்கூடம் கொண்டு வந்ததும் சாதனைதான். நாடு முழுவதற்குமான மதிய உணவு வழக்கில் 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒருபடி மேலே போய், சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று ஆணையிட்டது. தலித் பெண் சமைத்ததை எல்லாப் பிள்ளைகளும் சாப்பிட வேண்டும் என்பதே திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று என்று இதற்குப் பொருள். நோக்கம் என்றால் அது நிறைவேறியதா என்று அளக்க வேண்டும் அல்லவா?

அளப்பது என்ன? எத்தனை மையங்கள், எத்தனை முட்டை, எத்தனை கிலோ அரிசி, எத்தனை பிள்ளைகள், வருகைப் பதிவு எவ்வளவு கூடியது. பணியாளரில் பெண்கள் எத்தனை பேர் என்ற கணக்கும் உண்டு. ஏறக்குறைய எல்லோரும் பெண்கள் என்பதால் அந்தக் கட்டத்தில் எப்போதும் நல்ல மதிப்பெண். ஆனால் ஒரு சத்துணவு மையத்தில் அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என்று மூன்று படி இருக்கிறது. அமைப்பாளர் கையில் சாவியும் கணக்குப் புத்தகமும். சமையலர் கையில் கரண்டி. உதவியாளர் கையில் விளக்குமாறும் துலக்க வேண்டிய பாத்திரமும். எந்தச் சாதிப் பெண் எந்தப் படியில் நிற்கிறார்? தலித் பெண் சமையலராக நியமிக்கப்பட்ட இடத்தில் அடுப்படிக்குள் அவர் நிற்கிறாரா, வெளியே காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாரா? எத்தனை தலித் சமையலர்கள் "நிர்வாகக் காரணங்களால்" மாறுதல் செய்யப்பட்டார்கள்? திருமலைக்கவுண்டம்பாளையத்துச் சமையலர் அந்த ஜூலை மாதத்துக்கு முன்பும் சாதி எதிர்ப்பால் பள்ளி பள்ளியாக மாற்றப்பட்டவர்தான். ஒவ்வொரு மாறுதலும் ஒரு கோப்பு. எல்லாக் கோப்பிலும் அது சாதாரணப் பணியிட மாறுதல்.

காலை உணவுத் திட்டத்தில் கதை கொஞ்சம் மாறுகிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுவதற்கும் விரிந்த திட்டம் இது. சமைப்பவர் மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர். அதே ஊராட்சியில் குடியிருக்க வேண்டும், அவருடைய பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும், பத்தாம் வகுப்புப் படித்திருக்க வேண்டும், ஆன்ட்ராய்டு கைபேசி வைத்திருக்க வேண்டும் என்று தகுதிகள். தன் பிள்ளையும் சாப்பிடும் சோறு என்றால் அக்கறையாகச் சமைப்பார் என்பது நல்ல யோசனை. ஆனால் பத்தாம் வகுப்பும் கைபேசியும்? தெருக்கூட்டுகிறவர், தோட்ட வேலைக்குப் போகிறவர், பதினான்கு வயதில் மில்லுக்கு அனுப்பப்பட்டவர் என்று நம் காலனிகளில் இருக்கும் பெண்களில் எத்தனை பேர் இந்த வாசலைத் தாண்டுவார்கள்? சாதியின் பெயரைச் சொல்லாமலே சாதி பார்க்கும் தகுதிகள் இவை. திட்டம் வகுத்தவர்களுக்கு அந்த எண்ணம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. வகுக்கும் மேசையில் காலனிப் பெண் ஒருவர் உட்கார்ந்திருந்தால் முதல் நாளே கையைத் தூக்கிக் கேட்டிருப்பார்.

இந்தத் தகுதிகளைத் தாண்டி ஒரு தலித் பெண் சமையலுக்கு வந்தார். கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூர் ஊராட்சி ஒன்றியப் பள்ளி. 2023 செப்டம்பர். அவர் சமைத்ததைத் தம் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று பெற்றோர் சிலர் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியர் நேரில் போய் அங்கேயே சாப்பிட்டார், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும் என்று எச்சரித்தார். 2018இல் அவிநாசி வட்டார வளர்ச்சி அலுவலர் செய்ததோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். பாராட்டலாம். ஆனால் இந்தத் திட்டத்துக்கென்று தனிச் செயலி இருக்கிறது. தினமும் சமையல் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்பதை அதில் பதிய வேண்டும். அந்த எண்ணிக்கை தினமும் சென்னைக்குப் போகிறது. ஒரு பள்ளியில் பாதிப் பிள்ளைகள் தட்டை எடுக்கவில்லை என்றால் அது செயலியில் ஓர் எண் குறைவு. அவ்வளவுதான். காய்ச்சலா, திருவிழாவா, தீண்டாமையா என்று கேட்க அதில் இடமில்லை. வேலஞ்செட்டியூர் செய்தியாகி வெளியே தெரிந்தது. செய்தியாகாத ஊரில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். குழுவின் தலைவி ஒரு நாள் வந்து, "நீ பாத்திரம் மட்டும் பார்த்துக்கோ, சமையலுக்கு வேற ஆள் போட்டுக்கலாம்" என்பார். குழுவும் மகளிர் குழுதான். முடிவும் குழுவே எடுத்த முடிவுதான். மதிப்பீட்டு அறிக்கையில் "பெண்கள் கூட்டாக முடிவெடுத்தனர்" என்று அதுவும் ஒரு சாதனையாக ஏறிவிடும்.

பணம் ஒதுக்கும் இடத்திலும் இதே கதை. ஒன்றிய அரசின் வரவு செலவுத் திட்டத்தில் பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீட்டுக்கு ஓர் அறிக்கை, பெண்களுக்கு ஓர் அறிக்கை. முன்னது 10ஏ, பின்னது 13. தலித் பெண்ணுக்கு என்ன போகிறது என்று அறிய வேண்டுமானால் இரண்டையும் அருகருகே வைத்துத் தலையைச் சொறிந்துகொள்ள வேண்டியதுதான். 1979-80இல் சிறப்புக் கூறுத் திட்டம் வந்ததிலிருந்து மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கை ஒதுக்க வேண்டும் என்பது விதி. ஒதுக்கிய பணம் பொதுத் திட்டங்களுக்குத் திருப்பப்படுகிறது என்பது அன்று முதல் நம் இயக்கங்களின் புகார். மகளிர் உரிமைத் தொகைக்குப் பட்டியல் சாதியினர் துணைத்திட்ட நிதியை எடுத்ததாக எழுந்த புகாரில் 2023இல் தேசிய பட்டியல் சாதியினர் ஆணையம் தமிழ்நாடு அரசிடம் விளக்கம் கேட்டது நினைவிருக்கும். மாதம் ஆயிரம் ரூபாய் காலனிப் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய விசயம் என்பது எனக்குத் தெரியும். என் அம்மா அந்தக் குறுஞ்செய்திக்காக 15ஆம் தேதி கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பவர். ஆனால் எல்லாச் சாதிப் பெண்ணுக்கும் பொதுவாகக் கிடைக்கும் தொகையில் தலித் பெண்ணின் பங்கை மட்டும் தலித் நிதியிலிருந்து கொடுத்தால், அவருக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. பக்கத்துத் தெருப் பெண்ணுக்கு அரசு கொடுத்தது, இவருக்கு இவருடைய பணத்தையே எடுத்துக் கொடுத்தது. பெண் என்ற கணக்கும் சாதி என்ற கணக்கும் சேர்ந்து பார்க்கப்படுவது இப்படிப் பணத்தை மாற்றி எழுதும்போது மட்டும்தான் போலும்.

கோவை நகரத்துக்குள் வந்தால் இன்னொரு வகை. குளங்களை அழகுபடுத்தும் திட்டத்தில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், முத்தண்ணன்குளம் கரைகள் எப்படி மாறின என்று மாலை நேரத்தில் நடைபயிற்சிக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். அந்தக் கரைகளில் வாழ்ந்தவர்கள் இப்போது கீரணத்தத்திலும் மலுமிச்சம்பட்டியிலும் அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். வீடு குடும்பத் தலைவியின் பெயரில் அல்லது கூட்டாகப் பதிவாக வேண்டும் என்பது ஒன்றிய வீட்டு வசதித் திட்டத்தின் விதி. ஆகவே பாலினச் சமத்துவக் கட்டத்தில் இதற்கும் மதிப்பெண் உண்டு. ஆனால் விடியற்காலையில் நகரத்தின் நடுவே துப்புரவுப் பணிக்கு நிற்க வேண்டிய பெண் கீரணத்தத்திலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? ஆர்.எஸ்.புரத்தில் நான்கு வீட்டில் பாத்திரம் துலக்கி, நடுவில் வீட்டுக்கு வந்து பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டு மறுபடி ஓடியவர், இப்போது பேருந்தில் போய்வந்து எத்தனை வீட்டை வைத்துக்கொள்ள முடியும்? வீட்டுப் பத்திரம் கிடைத்தது. அதற்கு ஈடாகப் போனது கூலியும் நேரமும். திட்டம் தொடங்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டிருக்கலாம். குளத்தங்கரை என்பது மீன் பிடிக்கவும் நடக்கவும் ஆன இடம் மட்டுமில்லை, துப்புரவுத் தொழிலாளர்கள் தம் வேலைக்குப் பக்கத்தில் குடியிருந்த இடம். அந்த வேலையை யார் தலையில் கட்டியது என்ற கேள்விக்குச் சாதியைத் தவிர வேறு பதில் இல்லை.

"பெண்கள் பாதுகாப்பு" என்று வந்தால் நம் அதிகாரிகளுக்கு உடனே நினைவுக்கு வருவது கண்காணிப்புக் கேமராவும் தெருவிளக்கும்தான். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்கு எதிரே பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள், கௌசல்யாவை வெட்டினார்கள். அந்தக் காட்சியை நாடே பார்த்தது. எப்படி? அங்கே கேமரா இருந்தது. திட்டத்தின் அளவுகோல்படி அது பாதுகாப்பான இடம். அதற்கு முந்தைய ஆண்டு ஒரு கவுண்டர் சாதிப் பெண்ணோடு பேசினார் என்பதற்காகக் கோகுல்ராஜ் கொல்லப்பட்டு, உடல் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கிடந்தது. கொங்குப் பகுதியில் ஒரு பெண்ணுக்கு ஆபத்து இருட்டுச் சந்திலிருந்து மட்டும் வருவதில்லை, சொந்த வீட்டின் கூடத்திலிருந்தும் வருகிறது. 1916லேயே அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் சாதியின் உயிர்நாடி அகமணம் என்றும், அகமணத்தைக் காக்கப் பெண்ணின் மீது போடப்பட்ட கட்டுகள்தான் சாதியைத் தாங்குகின்றன என்றும் விளக்கிவிட்டார். ஆக, சாதியை விட்டுவிட்டுப் பாலினத்தை மட்டும் பேசும் திட்டம் தலித் பெண்ணை மட்டும் கைவிடவில்லை. தன் விருப்பப்படி துணையைத் தேர்ந்தெடுக்கும் ஆதிக்கச் சாதிப் பெண்ணையும் கைவிடுகிறது. பெண் கல்வித் திட்டம் ஒன்றை மதிப்பிடும்போது எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்று கேட்கிறோம். அவர்களில் எத்தனை பேர் சாதி தாண்டி மணம் செய்ய முடிந்தது, எத்தனை பேர் அதற்காகப் படிப்பிலிருந்து நிறுத்தப்பட்டார்கள் என்றும் ஒருநாள் கேட்க வேண்டியிருக்கும்.

வேறு எங்காவது இது நடந்திருக்கிறதா என்று கேட்பவர்கள் பக்கத்தில் நேபாளத்தைப் பார்க்கலாம். அங்கே 2017 உள்ளாட்சித் தேர்தல் சட்டம் ஒவ்வொரு வட்டக் குழுவிலும் நான்கு உறுப்பினரில் இருவர் பெண்கள், அவர்களில் ஒருவர் தலித் பெண்ணாக இருந்தே ஆக வேண்டும் என்று எழுதியது. பெண்ணுக்குத் தனியாக ஒன்று, தலித்துக்குத் தனியாக ஒன்று என்றில்லை. அந்த ஒரு வரியால் 6,500க்கும் மேற்பட்ட தலித் பெண்கள் உள்ளாட்சிக்குள் வந்தார்கள். நேபாளத்தில் வளர்ச்சித் திட்டங்களின் அறிக்கைகளில் பாலினமும் சாதியும் ஒரே அட்டவணையில் வருவது இன்று வழக்கமான நடைமுறை. அதனால் அங்கே தீண்டாமை ஒழிந்துவிட்டதா என்றால் இல்லை. ஆனால் எங்கே ஒழியவில்லை என்று காட்டும் எண்கள் அவர்கள் கையில் இருக்கின்றன.

நம்மிடமும் பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவிகள் உண்டு. கோவை மாவட்டம் ஜெ.கிருஷ்ணாபுரம் ஊராட்சியில் அப்படித் தேர்வான தலைவர், நாற்காலியில் உட்கார விடவில்லை, பெயர்ப் பலகையில் பெயரைப் போட விடவில்லை என்று 2020இல் புகார் கொடுக்க வேண்டியிருந்தது. ஒதுக்கீட்டு இலக்கு நிறைவேறியது. பதிவேட்டில் அவர் தலைவர். நாற்காலியில் யார் என்பதுதான் கேள்வி. வகுக்கும்போது சேர்த்தால் போதாது, மதிப்பிடும்போதும் சேர்க்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

பெண்கள் இயக்கத்தில் இருக்கும் சில தோழர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். சாதி கேட்டால் பெண்களின் ஒற்றுமை உடையும் என்கிறார்கள். திருமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒற்றுமையை உடைத்தது படிவமா, பூட்டா? நம் பக்கத்திலேயும் சிலர் உண்டு. சாதி ஒழிந்தால் பெண் விடுதலை தானாக வரும், முதலில் இதைப் பார்ப்போம் என்பவர்கள். நம் இயக்கக் கூட்டங்களில் மேடையில் எத்தனை பெண்கள், சாப்பாடு பரிமாறும் இடத்தில் எத்தனை பெண்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு அவர்களோடு பேசலாம்.

அதிகாரிகள் சொல்லும் பதில் வேறு. சாதி கேட்பது சிக்கல், மக்கள் சொல்ல மாட்டார்கள் என்பார்கள். மகளிர் விடியல் பயணத் திட்டத்தை மாநிலத் திட்டக்குழு ஆய்வு செய்தபோது திருப்பூர் உட்பட மூன்று மாவட்டங்களில் பேருந்தில் போகும் பெண்களிடம் பேசினார்கள். ஒரு பெண் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் பிடிக்கிறார் என்ற எண்ணை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். அதே ஆய்வு எந்தச் சமூகப் பிரிவுப் பெண்கள் கூடுதலாகப் பயன்படுத்துகிறார்கள் என்றும் கேட்டது, பெண்களும் பதில் சொன்னார்கள். மனம் இருந்தால் கேட்கலாம். பேருந்தில் கேட்க முடிந்ததைச் சமையற்கட்டில் கேட்க முடியாதா?

கேட்கும் இடமும் நேரமும் முக்கியம். மகளிர் கருத்துக்கேட்புக் கூட்டம் மாரியம்மன் கோவில் மண்டபத்தில், காலை பதினொரு மணிக்கு என்று வைத்தால் காலனியிலிருந்து யார் வருவார்கள்? மண்டபத்துக்குள் ஏற முடியாது, ஏற முடிந்தாலும் அன்றைய கூலி போகும். மறுநாள் அறிக்கையில் "கிராமப் பெண்கள் திட்டத்தை வரவேற்றனர்" என்று வரும். நான் பார்த்த அறிக்கைகளில் கூட்டத்தின் தேதி இருக்கும், வந்தவர் எண்ணிக்கை இருக்கும், புகைப்படம் இருக்கும். கூட்டம் எந்தத் தெருவில் நடந்தது என்ற விவரம் மட்டும் இருக்காது.

இதைப் படிக்கும் உங்களில் பலர் சொந்த ஊரில் ஒரு தொடக்கப் பள்ளியாவது இருக்கும் இடத்தைச் சேர்ந்தவர்கள். அரசு தானாகக் கேட்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் செலவில், 30 நாளில் பதில் கேட்கலாம். உங்கள் ஒன்றியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ஒன்றியத்தில் உள்ள சத்துணவு மையங்களில் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் பணியிடங்களில் பட்டியல் சாதிப் பெண்கள் எத்தனை பேர், அதில் அருந்ததியர் எத்தனை பேர், பணியிட வாரியாகத் தனித்தனியே. கடந்த ஐந்தாண்டில் மாறுதல் செய்யப்பட்ட பட்டியல் சாதிச் சமையலர்கள் எத்தனை பேர், ஒவ்வொரு மாறுதலுக்கும் கோப்பில் எழுதப்பட்ட காரணம் என்ன. காலை உணவுத் திட்டத்தில் பள்ளிவாரியாகச் சமைப்பவர்களில் பட்டியல் சாதிப் பெண்கள் எத்தனை பேர். பெயர் கேட்காதீர்கள், எண்ணிக்கை மட்டும் போதும். தகவல் இல்லை என்று பதில் வந்தால் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அடுத்த கிராம சபைக்குப் போங்கள். கிராம சபை எங்கே நடக்கிறது என்பதையும் பார்த்து எழுதுங்கள்.